ஊருக்கு ஒரு சீன உணவகம்: அது அங்கே எப்படி வந்தது?

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் உள்ள பியூட், செம்புச் சுரங்கத்தால் வளர்ந்து, சுரங்கத் தொழில் தளர்ந்தபோது தானும் தளர்ந்துபோன ஊர். அதன் பழைய கடைவீதியில் ஒரு செங்கல் கட்டடத்தின் மாடிக்கு ஏறினால், மரத்தடுப்புகளால் சிறு சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்ட ஒரு கூடம் இருக்கிறது. பெக்கின் நூடுல் பார்லர் என்னும் இந்த உணவகம் 1911 முதல் நடந்துவருகிறது. அமெரிக்காவில் ஒரே குடும்பம் இடைவிடாமல் நடத்திவரும் சீன உணவகங்களில் இதுவே மிகப் பழையது என்று சொல்லப்படுகிறது. 2023-இல், அமெரிக்க உணவகத் துறையில் பெருமையாகக் கருதப்படும் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளையின் விருதும் அதற்குக் கிடைத்தது.

பியூட் நகரத்துக்கு நூற்றாண்டுப் பழமை என்ற பெருமை இருக்கிறது. மற்றபடி இந்தக் காட்சி அமெரிக்காவிலும் கனடாவிலும் புதிதன்று. சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும், சுற்றிலும் கோதுமை வயல்களைத் தவிர வேறொன்றும் இல்லாத ஊர்களிலும் ஒரு சீன உணவகம் இருக்கும். பெரும்பாலும் அந்த ஊரிலுள்ள ஒரே சீனக் குடும்பம் அதை நடத்துகிற குடும்பமாகவே இருக்கும். அமெரிக்காவில் மட்டும் இன்று 40,000-க்கும் மேற்பட்ட சீன உணவகங்கள் இருக்கின்றன. சொந்த மக்கள் ஒருவரும் இல்லாத இடத்தில் போய்ச் சொந்த நாட்டுச் சமையலை விற்க ஏன் இத்தனை குடும்பங்கள் முன்வந்தன என்ற கேள்விக்கு, சீனர்கள் சமையலில் வல்லவர்கள் என்பதே பலர் சொல்லும் விடை. அது போதாத விடை. இந்த உணவகங்களை உருவாக்கியதில் நாவின் சுவையைவிடச் சட்டப் புத்தகத்துக்கே பங்கு அதிகம்.

வந்தவர்கள் யார் என்பதிலிருந்து தொடங்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி பரவியபோது கடல் கடந்த சீனர்களில் மிகப் பெரும்பாலோர், தெற்குச் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் முத்தாற்றுக் கழிமுகத்தை ஒட்டிய சில மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அவற்றுள்ளும் தாய்ஷான் என்ற ஒரே மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் மிகுதி. முதலில் சென்றவர் தம்பியை அழைப்பார், தம்பி மைத்துனனை அழைப்பார், மைத்துனன் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதுவார். இப்படி ஓர் ஊரே இன்னோர் ஊருக்குப் பெயர்வதைத் தொடர் குடியேற்றம் என்பார்கள். முன்னே போனவர் எந்தத் தொழிலில் கால் ஊன்றினாரோ, பின்னே வருபவரும் அதிலேயே சேர்வார். அவருக்குத் தெரிந்த ஒரே முகவரி அந்தக் கடைதான்.

வந்தவர்கள் முதலில் செய்தது சமையல் அன்று. சுரங்கம் தோண்டினார்கள், சதுப்பு நிலம் திருத்தினார்கள், 1869-இல் முடிந்த கண்டம் கடக்கும் இருப்புப்பாதையின் மேற்குப் பகுதியில் ஆயிரக்கணக்கில் உழைத்தார்கள். வேலைகள் குறைந்தபோது வெள்ளைத் தொழிலாளர்களின் சினம் அவர்கள்மீது திரும்பியது. 1885 செப்டம்பரில் வயோமிங் பகுதியின் ராக் ஸ்பிரிங்ஸ் என்ற சுரங்க ஊரில் குறைந்தது 28 சீனர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் டகோமா நகரம் தன் சீனர்கள் அனைவரையும் விரட்டியது. வெள்ளையர் கூலிக்குச் செய்யும் எந்த வேலையிலும் கைவைத்தால் ஆபத்து என்ற நிலையில், வெள்ளை ஆண்கள் பெண்களுக்குரியவை என்று ஒதுக்கிய இரு வேலைகள் எஞ்சியிருந்தன. ஒன்று துணி வெளுப்பது, மற்றொன்று சோறு ஆக்குவது. சலவைக்கடையும் உணவகமும் சீனர் தொழிலானது இப்படித்தான்.

சட்டம் வரைந்த வழி

1882-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சீனர் விலக்குச் சட்டம், சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதைத் தடுத்தது. பத்தாண்டுகளுக்கு என்று தொடங்கியது, பிறகு நீட்டிக்கப்பட்டு, 1902-இல் காலவரையற்றதாயிற்று. அதற்கு முன்பே, 1875-இல் வந்த இன்னொரு சட்டம் சீனப் பெண்களின் வருகையை ஏறத்தாழ நிறுத்திவிட்டிருந்தது. 1890-இல் அமெரிக்காவிலிருந்த சீனர்களில் ஒரு பெண்ணுக்குச் சுமார் 27 ஆண்கள் என்ற கணக்கு இதன் விளைவு. 1880-இல் சுமார் 1,05,000 ஆக இருந்த சீன மக்கள்தொகை 1920-இல் சுமார் 61,000 ஆகச் சுருங்கியது.

ஆனால் மக்கள்தொகை சுருங்கிய இதே காலத்தில்தான் சீன உணவகங்கள் பெருகின. முரணாகத் தோன்றும் இதற்கு விடை சட்டத்தின் ஒரு விலக்கில் இருக்கிறது. தொழிலாளர்களைத் தடுத்த சட்டம் வணிகர்களைத் தடுக்கவில்லை. வணிகர் என்று ஏற்கப்பட்டவர் சீனாவுக்குப் போய்த் திரும்பலாம், மனைவி மக்களை அழைத்துவரலாம். உணவகம் நடத்துபவர் நெடுங்காலம் வணிகராகக் கருதப்படவில்லை. 1915-இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அவரும் அந்த வகையில் சேர்க்கப்பட்டார். அதற்கு நிபந்தனைகள் இருந்தன. உணவகம் உயர்தரமானதாக இருக்க வேண்டும். அவர் அதில் பெரிய பங்குதாரராக இருக்க வேண்டும். குறைந்தது ஓராண்டு முழுநேரமாக அதை நிர்வகிக்க வேண்டும். அந்த ஓராண்டில் சமைக்கவோ, பரிமாறவோ, கல்லாவில் உட்காரவோ கூடாது. இவற்றுக்கெல்லாம் வெள்ளையர் இருவர் சாட்சி சொல்ல வேண்டும்.

ஒரு தனி மனிதரால் இந்த நிபந்தனைகளை நிறைவேற்ற முடியாது என்பதால், உறவினரும் ஊர்க்காரரும் கூட்டாகப் பணம் போட்டு உணவகம் திறந்தார்கள். ஓர் ஆண்டோ ஒன்றரை ஆண்டோ ஒருவர் நிர்வாகியாக இருந்து தகுதி பெறுவார். பின்பு அடுத்த பங்குதாரர் அந்த நாற்காலிக்கு வருவார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு உணவகம். உள்ளே இருந்தவர்களுக்கு, மனைவியைப் பார்க்கப் போய்வருவதற்கும் மகனை அழைத்துவருவதற்கும் உரிய அனுமதிச்சீட்டு அது. சலவைக்கடைக்கு இந்த வசதி இல்லை. அதனால் அந்த ஆண்டுகளில் உணவகங்களின் பக்கம் மக்கள் சாய்ந்தது வியப்பன்று. ஒரு சமூகத்தை வெளியே வைக்க எழுதப்பட்ட சட்டமே அந்தச் சமூகத்தின் அடுப்பை ஒவ்வொரு வீதியிலும் மூட்டிவிட்டது என்பதை அதை எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

எல்லைக்கு வடக்கே, கனடாவில், வழி சற்று வேறு. 1881-க்கும் 1885-க்கும் இடையில் கனடிய பசிபிக் இருப்புப்பாதையின் மலைப்பகுதியைப் போட சுமார் 15,000 சீனர்கள் உழைத்தார்கள். பாதை முடிந்த அதே 1885-இல், இனி வரும் ஒவ்வொரு சீனரும் 50 டாலர் தலைவரி கட்ட வேண்டும் என்று கனடா அறிவித்தது; 1900-இல் அது 100 டாலராயிற்று, 1903-இல் 500 டாலராயிற்று. ஐந்நூறு டாலர் என்பது அக்காலத்துக் கூலிக்காரர் ஒருவரின் ஏறத்தாழ இரண்டாண்டுச் சம்பளம். 1923-இல் கதவே மூடப்பட்டு, 1947 வரை மூடியே இருந்தது. இந்த வரிக்காகக் கனடிய அரசு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2006-இல்.

வேலை முடிந்து கைவிடப்பட்டவர்கள் தாங்கள் போட்ட தண்டவாளத்தைப் பின்பற்றியே கிழக்கு நோக்கி நகர்ந்தார்கள். அந்தப் பாதையில் சில மைல்களுக்கு ஒரு நிலையமும், நிலையத்தை ஒட்டி ஒரு தானியக் கிடங்கும், கிடங்கைச் சுற்றி ஒரு சிற்றூரும் எழுந்துகொண்டிருந்தன. மணமாகாத உழவர்களும் இருப்புப்பாதை ஊழியர்களும் வாழ்ந்த அவ்வூர்களில் சமைத்துப் போட ஆள் இல்லை. விடியற்காலையில் திறந்து நள்ளிரவில் மூடும் ஒரு கஃபே அங்கே உடனே பிழைத்தது. அதில் சீன உணவு கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. காப்பி, மாட்டிறைச்சி வறுவல், ஆப்பிள் பை, ஐஸ்கிரீம், சிகரெட் இவைதாம் விற்கப்பட்டன. நூடுல்ஸும் வறுத்த சோறும் பட்டியலின் பின்பக்கத்தில் நுழைந்தது பிறகுதான். இன்றும் பழைய கடைகளின் பலகையில் ‘சீன, மேற்கத்திய உணவு’ என்று இரண்டும் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கும்.

அந்தக் கஃபேக்களும் சட்டத்திலிருந்து தப்பவில்லை. 1912-இல் சஸ்காச்சுவான் மாகாணம், சீனருடைய உணவகங்களில் வெள்ளைப் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. மூஸ் ஜா என்ற ஊரில் உணவகம் நடத்திய குவாங் விங், இரண்டு பெண்களைப் பரிமாறும் வேலைக்கு வைத்ததற்காகத் தண்டம் விதிக்கப்பட்டு, வழக்கைக் கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுசென்றார். அவர் சீனாவில் பிறந்து, முறைப்படி குடியுரிமை பெற்றவர். 1914-இல் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. தன் மனைவியை அழைத்துவர முடியாது, ஊர்ப் பெண்ணை வேலைக்கு வைக்கவும் கூடாது என்றால், உணவகத்தில் மிஞ்சுவது ஆண்கள் மட்டுமே. இன்று நாம் குடும்ப உணவகம் என்று சொல்வதன் முதல் ஐம்பது ஆண்டுகளில் குடும்பம் கடல் கடந்த கிராமத்தில் இருந்தது. உணவகத்தில் இருந்தது அதற்குப் பணம் அனுப்பும் தகப்பன் மட்டுமே. தந்தையும் மனைவியும் மக்களும் ஒரே கூரையின்கீழ் நின்று கடை நடத்தும் காட்சி, அமெரிக்காவில் விலக்குச் சட்டம் 1943-இல் நீங்கி, 1965-இல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகும், கனடாவில் 1947-க்குப் பிறகும் தோன்றியதே.

முதலும் கூலியும்

வங்கி கடன் தராத ஒருவர் கடை திறக்க முதல் எங்கிருந்து வரும்? இதைத் தமிழருக்கு விளக்குவது எளிது; நம்மிடம் உள்ள சீட்டுதான் அவர்களிடமும் உண்டு. ‘ஹுய்’ என்று அழைக்கப்படும் அந்த ஏற்பாட்டில், ஒருவரையொருவர் அறிந்த பத்து இருபது பேர் மாதந்தோறும் ஒரு தொகை போடுவார்கள். திரண்ட பணத்தை முறைவைத்தோ ஏலம் கூறியோ ஒருவர் எடுத்துக்கொள்வார். எழுத்து, பத்திரம், பிணை எதுவும் கிடையாது. எடுத்தவர் கட்டாமல் ஓடினால் ஊரில் அவருடைய பெற்றோர் தலைகாட்ட முடியாது என்பதே பிணை. ஒரே மாவட்டத்துக்காரர்கள் ஒரே தொழிலில் திரண்டதற்கு இந்த நம்பிக்கை வளையமும் ஒரு காரணம்.

அடுத்தது கூலி. சிறு உணவகத்தின் கணக்கில் மிகப் பெரிய செலவு வேலையாட்களின் சம்பளம். குடும்பமே வேலை செய்தால் அந்தச் செலவு கணக்கில் ஏறாது. தந்தை வாணலியின் முன்னால் நிற்பார். தாய் காய் நறுக்கி, கல்லாவையும் பார்த்துக்கொள்வார். பாட்டி வொன்டன் என்னும் சிறு கொழுக்கட்டைகளை மடிப்பார். ஆங்கிலம் நன்றாகப் பேசும் பிள்ளை தொலைபேசியில் ஆர்டர் எடுக்கும். கடைக்குப் பின்னாலோ மேலோ வீடு இருந்தால் வாடகையும் ஒன்றாகிவிடும். பள்ளி விட்டு வந்த பிள்ளை மூலை மேசையில் வீட்டுப்பாடம் எழுதுவதைப் பார்க்கிற வாடிக்கையாளருக்கு அது இனிய காட்சியாகத் தெரியலாம். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து சொல்லும்போது, ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாத குழந்தைப் பருவம் என்று சொல்கிறார்கள். மின்கட்டண அலுவலகத்துக்கும் மருத்துவருக்கும் பெற்றோரின் மொழிபெயர்ப்பாளராக எட்டு வயதிலேயே போய் நின்றதையும் சொல்கிறார்கள். இந்தத் தொழில் லாபம் தருகிறது என்றால், அந்த லாபத்தின் பெரும்பகுதி கொடுக்கப்படாத சம்பளம்தான் என்பது என் கணிப்பு.

இனி, ஏன் சிற்றூர் என்பது. ஒரு சீனர் குடியிருப்பில் ஐம்பது உணவகங்கள் இருந்தால் ஐம்பத்தோராவது கடை விலையைக் குறைத்துத்தான் பிழைக்க வேண்டும். எழுபது மைல் தள்ளி, சீன உணவகமே இல்லாத ஊருக்குப் போனால் போட்டி இல்லை, வாடகையும் குறைவு. மூவாயிரம் பேர் உள்ள ஊர் ஒரு கடையைத் தாங்கும், இரண்டைத் தாங்காது. ஆகவே அடுத்து வருபவர் அடுத்த ஊருக்குப் போகிறார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஹாங்காங்கின் புறநகர் நெல் விவசாயிகள் பிரித்தானியாவுக்குச் சென்று பார்சல் கடைகள் வைத்தபோதும் இதே முறையில்தான் ஊர் ஊராகச் சிதறினார்கள். இந்தத் தொழிலின் விதியே சொந்த மக்களிடமிருந்து விலகி வாழ்வது. பேசுவதற்குத் தம் மொழியில் ஒருவர் இல்லாமல், புத்தாண்டைக் கொண்டாட அண்டை வீடு இல்லாமல், வாரத்தில் ஆறு அல்லது ஏழு நாள் கடையிலேயே கழியும் அந்தத் தனிமை தற்செயலாக வந்ததன்று. வியாபாரக் கணக்கு கேட்கும் விலை அது.

தட்டில் இருப்பது எந்த ஊர்ச் சமையல்?

இறைச்சியும் காய்களும் கலந்து வதக்கிய ‘சாப்சுய்’ என்ற உணவின் பெயர், கலந்த துண்டுகள் என்று பொருள்படும், குவாங்டொங் பகுதியில் பேசப்படும் கன்டோனிய மொழியின் சொல். 1896-இல் நியூயார்க்குக்கு வந்த சீனப் பேரரசின் தூதர் லீ ஹொங்ஜாங்குக்காக அவருடைய சமையற்காரர் அதை உருவாக்கினார் என்ற கதை பரவலாகச் சொல்லப்படும். அவர் வருவதற்கு முன்பே நியூயார்க்கில் அது விற்றுக்கொண்டிருந்தது என்பதால் கதை நிற்காது. ஆனால் அந்த வருகைக்குப் பிறகு சாப்சுய் மோகம் நாடெங்கும் பரவியது உண்மை. நம்மூர்ச் சீன உணவகங்களின் பட்டியலில் ‘அமெரிக்கன் சாப்சுய்’ என்று பொரித்த நூடுல்ஸின் மேல் இனிப்புக் குழம்பு ஊற்றித் தருகிறார்களே, அதன் பெயரில் அந்த நீண்ட பயணத்தின் எச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சிற்றூரில் கிடைப்பவை முட்டைக்கோசு, வெங்காயம், செலரி, கோழி, மாட்டிறைச்சி. முளைகட்டிய பயறு வேண்டுமானால் கடையின் நிலவறையில் தாங்களே முளைகட்ட வேண்டும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் நூடுல்ஸ் கிடைப்பது அரிதாக இருந்ததால், முட்டைக்கோசை நூடுல்ஸ் போல நீளவாக்கில் நறுக்கிச் ‘சௌமெய்ன்’ செய்தார்கள். இன்றும் அங்கே சௌமெய்ன் கேட்டால் கோசுதான் வரும். செயின்ட் லூயிஸ் நகரில் சீன முட்டை அடையை இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவில் வைத்துத் தருவார்கள். கனடாவின் கால்கரி நகரில் 1970-களில் பிறந்த இஞ்சி மாட்டிறைச்சி, சீனாவில் யாருக்கும் தெரியாத சீன உணவு.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்தது. டேவிட் லியோங் 1940-இல் சீனாவிலிருந்து வந்து, அமெரிக்கப் படையில் சேர்ந்து, நார்மண்டியில் போரிட்டவர். 1963-இல் அவர் தமது உணவகத்தைத் திறக்கவிருந்தபோது யாரோ அதற்கு வெடிவைத்தார்கள். அவர் பழுதுபார்த்துத் திறந்தார். அவ்வூர் மக்கள் எலும்பில்லாத கோழி வறுவலை விரும்பிச் சாப்பிடுவதைக் கண்டு, கோழித் துண்டுகளை அவர்கள் முறைப்படியே மாவில் தோய்த்துப் பொரித்து, மேலே சிப்பிச் சாறு கலந்த குழம்பை ஊற்றி, முந்திரியும் வெங்காயத்தாளும் தூவினார். ஸ்பிரிங்ஃபீல்டு முந்திரிக் கோழி என்ற அந்த உணவு இன்று அவ்வூரின் அடையாளமாகி, சீனரல்லாதவர்களின் உணவகங்களிலும் விற்கிறது. இதைப் போலிச் சீன உணவு என்று இகழ்பவர்கள் உண்டு. ஓர் ஊர் மக்களின் நாவை இவ்வளவு கூர்ந்து கவனித்து ஆக்கிய உணவைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குவாங்டொங்கில் தாய் ஆக்கிய சோற்றை அவர்கள் மறந்துவிடவும் இல்லை; இரவு பத்து மணிக்குக் கடை மூடிய பின், பட்டியலில் இல்லாத ஆவியில் வெந்த மீனும் கீரையும் குடும்பத்தின் மேசைக்கு வரும்.

ஃபூஜோவிலிருந்து வந்தவர்கள்

1980-களிலிருந்து தொழில் கைமாறத் தொடங்கியது. தாய்ஷான்காரர்களின் பிள்ளைகள் படித்து வேறு வேலைகளுக்குப் போக, ஃபூஜியன் மாகாணத்தின் ஃபூஜோ நகரைச் சுற்றிய ஊர்களிலிருந்து புதியவர்கள் வந்தார்கள். பலர் ஆள்கடத்துபவர்களிடம் பல்லாயிரம் டாலர் கடன்பட்டு வந்தார்கள். 1993 ஜூன் 6 அன்று, 286 பேரை ஏற்றிவந்த கோல்டன் வென்ச்சர் என்ற கப்பல் நியூயார்க் கடற்கரையில் தரைதட்டியபோது, நீந்திக் கரையேற முயன்றவர்களில் பத்துப் பேர் இறந்தார்கள். அந்தப் பயணம் எப்படிப்பட்டது என்பதை உலகம் அப்போதுதான் பார்த்தது.

கரையேறியவர்கள் நியூயார்க்கின் சீனர் குடியிருப்பில், மன்ஹாட்டன் பாலத்தை ஒட்டிய சந்துகளில் இருக்கும் வேலைவாய்ப்பு முகவர்களிடம் போவார்கள். அங்கே எழுதப்பட்டிருக்கும் விவரம் மூன்றே: என்ன வேலை, மாதம் எவ்வளவு சம்பளம், எந்தத் தொலைபேசிப் பகுதி எண். ஆங்கிலப் பெயர்களை வாசிக்கத் தெரியாதவருக்கு ஊரின் பெயரால் பயனில்லை. அந்த மூன்று இலக்க எண்தான் ஊர். அன்றிரவே சீனர் நடத்தும் பேருந்தில் ஏறி, ஒஹையோவிலோ வட கரோலினாவிலோ விடியலில் இறங்கினால், உணவகத்துக்காரர் வந்து கூட்டிப்போவார். கடனை அடைக்கச் சில ஆண்டுகள், பிறகு சீட்டு எடுத்துச் சொந்தக் கடை. இந்தக் குடும்பங்களில் பலர், அன்றாடம் பன்னிரண்டு மணிநேரம் வேலை இருப்பதால், அமெரிக்காவில் பிறந்த கைக்குழந்தையைச் சீனாவிலிருக்கும் தாத்தா பாட்டியிடம் அனுப்பிவிட்டு, பள்ளி வயதில் திருப்பி அழைத்துக்கொள்கிறார்கள். நூறாண்டுக்கு முன் சட்டம் பிரித்த குடும்பத்தை இப்போது வேலை நேரம் பிரிக்கிறது.

முதலாளி வயதாகி, பிள்ளை கணக்காளராகவோ மருத்துவராகவோ வேறு நகரத்துக்குப் போனபின், கடை விற்பனைக்கு வரும். அந்த விளம்பரம் ஊர்ச் செய்தித்தாளில் வராது. சீனமொழிச் செய்தித்தாளிலும் இணையப் பக்கங்களிலும் வரும். வாங்க வருகிற ஃபூஜோ தம்பதி அந்த ஊரைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். பழைய முதலாளி சில நாட்கள் கூட இருந்து, புளிப்பினிப்புக் குழம்பின் அளவையும், வெள்ளிக்கிழமை மாலை எத்தனை கோழி வேண்டும் என்பதையும், எந்த வாடிக்கையாளர் வெங்காயம் சாப்பிட மாட்டார் என்பதையும் சொல்லிக்கொடுப்பார். பலகையிலுள்ள பெயரை அவர்கள் பெரும்பாலும் மாற்றுவதில்லை. பட்டியலில் உணவுகளின் வரிசை எண்களும் அப்படியே இருக்கும். ஊர்க்காரர்கள் பல ஆண்டுகளாகத் தொலைபேசியில் உணவின் பெயரைச் சொல்லாமல் எண்ணை மட்டுமே சொல்லிப் பழகியிருக்கிறார்கள்.